நெல் அவிக்காத விளையாட்டு

என் அம்மா தன் வாழ்நாளில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுதான் ஆடினாள். அதையும் பாதியில் விட்டுவிட்டாள். அந்த விளையாட்டின் முதல் திரையில், "அவசரமே இல்லை, நிம்மதியாக விளையாடுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதை எழுதிய புண்ணியவான் எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது. எங்கள் வீட்டில் அந்த விளையாட்டால் வந்த வினையைக் கேட்டிருந்தால் அந்த வரியை எடுத்திருப்பான்.

அதை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் அப்போது வேலை பார்த்தேன். 2009 என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு மாதப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அது இருந்தது. பெயர் மறந்துவிட்டது. திரை முழுக்கக் கட்டங்கள். இடது ஓரம் வயல், வலது ஓரம் தட்டு. நடுவில் வைப்பதற்கு அரவை மிஷின், தண்ணீர்த் தொட்டி, அடுப்பின் மேல் பானை, செக்கு என்று சின்னச் சின்னப் படங்கள். வயலில் விளைந்தது கட்டம் கட்டமாக நகர்ந்து போய்த் தட்டில் சாப்பாடாக விழ வேண்டும். அதற்குத் தகுந்தபடி படங்களை வரிசைப்படுத்த வேண்டும். கோதுமை மாவாகி ரொட்டியாகும். பால் வெண்ணெயாகும். தப்பாக வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை வந்து விழும், அவ்வளவுதான் தண்டனை. நேரக் கணக்கு கிடையாது, தோற்பது என்பதே கிடையாது. பின்னால் மழை பெய்கிற சத்தமும், தூக்கக் கலக்கத்தில் யாரோ பியானோ வாசிக்கிற மாதிரி ஒரு சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு அப்போது வேறு எது இருந்ததோ இல்லையோ, நேரம் ஜாஸ்தியாக இருந்தது. அவளுடைய அடுப்படி அவள் கையை விட்டுப் போயிருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அவருடைய ஷிப்ட் மாற மாற அம்மா அடுப்பு மூட்டுகிற நேரமும் மாறும். அவர் இருந்தவரை அந்த வீட்டில் அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. அவர் போன பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆனது. வந்த பெண் நல்ல பெண், அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு சிக்கலாகியிருக்காது, நானே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒரு நாள் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் கீரைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடு முழுக்க கேஸ் வாடை. உள்ளே தம்பியின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள், வாடை முழுக்கப் போகிறவரை உள்ளே கால் வைக்கவில்லை. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

யாரும் அம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதிலுக்கு இவளும் திட்டிவிட்டு, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் தானே போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைத்திருப்பாள். சண்டை அதோடு தீர்ந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. மருமகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். எவ்ளோ நாளைக்கிதான் செய்வீங்க? ரெஸ்ட் எடுங்க" என்றாள். இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

பிறகு அடுப்படியை இடித்துக் கட்டினார்கள். கருப்பு கிரானைட் மேடை, திருகினால் தானே பற்றிக்கொள்கிற கண்ணாடி அடுப்பு, மேலே புகையை இழுக்க ஒரு மிஷின். அம்மாவின் பழைய அடுப்பு காயலான் கடைக்குப் போனது. பூண்டு உரித்துத் தரட்டுமா என்று கேட்டாள். உரித்த பூண்டே பாக்கெட்டில் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும், "கொடுத்து வச்சவம்மா நீ" என்று அவளிடமே சொன்னார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

நான் தினமும் போன் பண்ணுவேன். முன்பெல்லாம் என்ன குழம்பு வைத்தாள், புளி எப்படியிருந்தது, நெத்திலி என்ன விலை சொன்னான் என்று நிறுத்தாமல் பேசுவாள். இப்போது கேட்டால், "தெரியல, இனிமேதான் வைப்பாங்க" என்பாள். தன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஓட்டலுக்கு வந்தவள் மாதிரி பேசினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குச் சமையல் என்றாலே ஆகாது. சிதம்பரத்தில் என் மாமியார் கரண்டியைக் கீழே வைக்க மாட்டார், அது நான் செய்த புண்ணியம். ஒரு மாறுதலுக்கு வந்து இரு என்று அம்மாவை அங்கே அழைத்துப்போனேன். வந்த அன்றைக்கே அம்மா புடவையைச் செருகிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள். "சம்பந்தி, நீங்க அடுப்படிக்கு வரலாமா? நாலு பேரு பாத்தா என்னத்தான் கேப்பாங்க" என்று மாமியார் அவளைக் கூடத்து நாற்காலிக்குத் திருப்பி அனுப்பினார். சம்பந்தியம்மாளை வேலை வாங்குவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை. தங்கியிருந்த நாளெல்லாம் அம்மா கத்திரிக்காய் கொத்சு சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

இதற்குப் பிறகுதான் அந்த சிடி கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போய்த் தம்பியின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். மவுஸைப் பிடிக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டாள். விளையாட்டைப் பிடிக்க நேரமே ஆகவில்லை. மாவு அரைத்த பிறகுதானே தண்ணீர் ஊற்றிப் பிசைய வேண்டும், இதில் என்ன புதிர் இருக்கிறது என்று கேட்டாள். வாழ்க்கையில் ரொட்டி சுட்டிராதவள் மளமளவென்று ரொட்டி சுட்டுத் தள்ளினாள். போன் பண்ணினால் பழைய குரல் வந்தது. "இன்னிக்கி வெண்ண எடுத்தேன்டி. எண்ண ஆட்டினேன். நாளிக்கி என்னா வரும்னு தெரியல." தம்பிக்கும் சந்தோஷம். அம்மா பாட்டுக்கு இருக்கிறாள், ஒரு தொந்தரவும் இல்லை என்றான். தொந்தரவு என்றுதான் சொன்னான்.

அப்புறம் நெல் வந்தது.

"நெல்லு வந்திருக்குடி!" என்று போனில் கத்தினாள். அன்றைக்கு அவ்வளவு உற்சாகம். மறுநாள் குரல் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் கோபம். "இவனுங்களுக்கு நெல்லுன்னா என்னான்னே தெரியலடி. மூட்ட மூட்டயா சாம்பலாக் கொட்டுறான்." அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அம்மா வயலுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியை வைத்திருந்தாள். அதற்கடுத்துப் பானை. அதற்கு அப்புறம்தான் மிஷின். நெல்லை ஊறவைத்து, அவித்து, பிறகு அரைக்கிறாள். புழுங்கல் அரிசி தின்கிற ஊரில் பிறந்தவள் வேறெப்படி வைப்பாள்? அண்ணாகிராமத்துப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் அவிக்காத நெல் மில்லுக்குப் போனதே கிடையாது. விளையாட்டைச் செய்தவனோ, நெல்லை நேராக மிஷினில் கொட்டி, வருகிற அரிசியைப் பானையில் போட்டால் சோறு என்று முடித்துவிட்டான். பானையும் ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருந்தான். அதை நெல் அவிக்க வைத்துவிட்டால் சோறு வடிக்கப் பானை இல்லை.

"இது பச்சரிசிம்மா" என்றேன். "பானையத் தூக்கி மிஷினுக்கு அந்தாண்ட வையி. முடிஞ்சிது."

"பச்சரிசி பொங்கலுக்கு. தெனமும் எவன் திம்பான்?"

"இத செஞ்சவன் திம்பான்."

"அப்ப அவனே ஆடட்டும்."

களம் எங்கே, காயவைக்காமல் எப்படி அரைப்பது என்று வேறு கேட்டாள். எப்படி வைத்தால் சரியாகும் என்பது அன்றோடு அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வைக்க மாட்டேன் என்றாள். ஒரே ஒரு இடத்தை மாற்றினால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம், அதைச் செய்யாமல் தினமும் உட்கார்ந்து அந்த ஒற்றைப் பானையைத் தனக்குத் தெரிந்த இடத்திலேயே வைத்து, சாம்பல் மூட்டையை வாங்கிக்கொண்டிருந்தாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் சிரித்தார்கள். கூட இருந்த நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இப்படியே பல வாரம் போனது. மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அம்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தம்பி காபி டம்ளரோடு வந்தான், பின்னால் நின்று பார்த்தான், அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸை வாங்கிப் பானையைப் பிடித்து மிஷினுக்கு அந்தப் பக்கம் இழுத்து விட்டான். மணி அடித்தது. தட்டில் வெள்ளை வெளேரென்று சோறு விழுந்தது, ஆவிகூடப் பறந்தது.

"அவ்ளோதாம்மா. இதுக்குப் போயி மாசக் கணக்கா..."

அம்மா எழுந்து நின்றாள். "எனக்கு ஒரு அடுப்பு வேணும்" என்றாள்.

"என்னா அடுப்பு? கேம்லயா?"

"கேம்ல இல்லடா. வீட்டுல."

தம்பி பெண்டாட்டி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. "நான் என்னா கொற வச்சேன் அத்தை?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ ஒரு கொறயும் வக்கலம்மா" என்று அம்மா சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அம்மா கேட்டது ஒரு அடுப்பு. அன்று சாயங்காலம் தம்பி போனில் மாமாவிடம் சொன்னபோது அது தனி அடுப்பாகிவிட்டது. ஒரு வார்த்தைதான் கூடியது. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தை போதும், குடும்பம் உடைந்தது என்று அர்த்தம். தனி அடுப்பு என்றால் சொத்துப் பிரிவினை, பேச்சுவார்த்தை இல்லை, நல்லது கெட்டதுக்குக்கூடத் தனித்தனியாகப் போவது. மகன் வீட்டில் தாய் தனி அடுப்பு வைத்தாள் என்றால், பெற்றவளுக்குச் சோறு போடாத பாவி என்று ஊர் அவனைக் காறித் துப்பும். தம்பி வேண்டுமென்றே அந்த வார்த்தையைச் சேர்த்தான் என்று நான் சொல்லவில்லை. அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். ஆனால் விழுந்ததைத் திருத்திக்கொள்ள அவன் முயற்சி செய்யவில்லை, அதற்காக அவன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர், அடுத்த வாரமே அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். பாகப் பிரிவினைப் பஞ்சாயத்துக்கு வந்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். சிதம்பரத்திலிருந்து நானும் வந்திருந்தேன்.

"தனி அடுப்பு கேக்குறியாமே அக்கா?"

"தனியா யாருடா கேட்டா? அடுப்புன்னுதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே. ஒலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? மகாராணி மாதிரி ஒக்கார வச்சி சோறு போடுறான். உனக்கு என்னாதான் கொற, சொல்லு."

"சோறு போடுறானா? இவனுக்கு நான் போட்டேன்டா. உனக்கும் நாந்தான் போட்டேன்."

"யாரு இல்லன்னா? அதுக்குத்தான் இப்ப ஒக்காரச் சொல்றோம்."

அவளுக்கு என்ன குறை என்று அவளால் சொல்ல முடியவில்லை. பசி என்றால் சொல்லலாம், அடி என்றால் சொல்லலாம். மிளகாயைக் கிள்ளிப் போட்டு எண்ணெய் சடசடக்கிறதைக் கேட்க வேண்டும் என்று ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் எப்படிச் சொல்வாள்? நான் குறுக்கே புகுந்தேன். இப்போது கரண்ட் அடுப்பு வந்திருக்கிறது, நெருப்பே கிடையாது, கேஸ் பயமும் கிடையாது, அவள் ரூமில் ஒன்று வாங்கி வைக்கலாம் என்றேன்.

"ரூம்ல அடுப்பு வச்சா அதுக்குப் பேரு என்னாக்கா?" என்றான் தம்பி. "உனக்கென்னா, நீ பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிடுவ. தெருவுல இருக்கிறவங்களுக்கு நானுதான பதில் சொல்லணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம், வுடுங்க" என்றாள் அம்மா. மாமா பெருமூச்சு விட்டுவிட்டுப் பலாப்பழத்தை அரிவாள்மனையில் வைத்து அறுக்கச் சொன்னார். அதை அறுப்பதற்குக்கூட அவளை விடவில்லை, கையில் பால் ஒட்டும் என்றார்கள்.

அந்த மாதமே தம்பி பழைய மானிட்டரைத் தூக்கிவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கி வந்தான். அம்மா கண் வலிக்காமல் ஆடட்டும் என்று. நெஞ்சறிந்து சொல்கிறேன், பாசத்தோடுதான் வாங்கினான். அம்மா அந்தத் திரைக்கு முன்னால் ஒரு நாளும் உட்காரவில்லை. அரிசிக் கட்டத்தைத்தான் அவன் முடித்துக் கொடுத்துவிட்டானே, அதற்கப்புறம் அவளுக்கு அதில் என்ன இருக்கிறது? துணி போட்டு மூடி வைத்தார்கள். "இவங்களுக்கு எத செஞ்சாலும் பத்தாதுக்கா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

2011 முடிகிற சமயத்தில் 'தானே' புயல் வந்தது. சிதம்பரத்திலும் காற்று பேயாட்டம் ஆடியது, ஆனால் கடலூரைப் போட்டுப் புரட்டியதுபோல இல்லை. வீட்டில் யாரும் போன் எடுக்கவில்லை. ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழிவிட்டதும் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. கேஸ் வண்டி வரவில்லை. மாமாவின் பலா, முந்திரி ஒன்று பாக்கியில்லாமல் வேரோடு போயிற்று, அந்த மனிதர் யாரோடும் பேசாமல் படுத்துவிட்டார் என்று பஸ்ஸிலேயே ஒரு சொந்தக்காரர் சொன்னார். ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. பின்கட்டில் புகை. விழுந்து கிடந்த வேப்பங்கிளைகளும் தென்னை மட்டைகளும் குவிந்திருக்க, நடுவில் மூன்று செங்கல்லை வைத்து அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புடவை முழங்காலுக்கு ஏறியிருந்தது, முகம் சிவந்து வேர்த்து ஒழுகியது. பெரிய குண்டான். பக்கத்து வீட்டு அடுப்பும் எரியவில்லை என்று அவர்களுக்கும் சேர்த்து ஆக்குகிறாள். தம்பி பெண்டாட்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கத்திரிக்காய் அரிந்துகொண்டே, "அத்தை, கொழம்புல உப்பு போட்டுட்டேன், பாருங்க" என்றாள். அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னம் ஒரு கல்லு போடு" என்றாள். அந்த ரெண்டு பேரும் அப்படிப் பேசிக்கொண்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும், நல்லாயிருக்கியா என்றுகூட அம்மா கேட்கவில்லை. "என்னாடி நின்னுகினு இருக்க, அந்த மட்டைய இழுத்துப் போடு" என்று அதட்டினாள். சமையல் ஆகாத நான் ஓடி ஓடி மட்டை இழுத்தேன்.

படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, அதனால் கருவாட்டுக் குழம்பு. தம்பி மூன்று முறை சோறு வாங்கித் தின்றுவிட்டு விரலை நக்கிக்கொண்டே, "இவ்ளோ நாளா இந்த டேஸ்ட்டு எங்கம்மா போயிருந்திச்சி?" என்று கேட்டான். வெட்கமே இல்லாமல் கேட்டான். அவன் தட்டைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது எனக்கு. அம்மாவோ சிரித்தாள். அத்தனை பேர் வீடும் தோப்பும் இழந்து கிடந்த அந்த நாளில் அவள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். இதை வெளியில் சொன்னால் தப்பாக நினைப்பார்கள் என்று இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்து வந்த பொங்கலும் அந்த மூன்று கல்லில்தான் பொங்கியது. பொங்கலுக்கு அப்புறம் ஒரு சாயங்காலம் கரண்ட் வந்ததாம். தெருவே விசில் அடித்துக் கொண்டாடியதாம். கேஸ் வண்டியும் வந்துவிட்டதாம். தம்பிதான் போனில் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பின்கட்டைச் சுத்தமாகக் கழுவியிருந்தார்கள். செங்கல் இருந்த இடத்தில் தம்பியின் பைக் நின்றது. சுவரில் படிந்த கரியின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடுப்படியில் புகை இழுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் குழந்தையைப் பற்றியும் மாமா தோப்பைப் பற்றியும் பேசினாள். பிறகு என் பக்கமாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்க ஊர்ல கரண்ட் வந்துடிச்சா?"

"ஏம்மா?"

"இல்ல, இன்னம் வரலன்னா சொல்லு. கரண்டும் இல்லாம கேஸும் இல்லாம இருந்தா உன் மாமியா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் வந்து ஒரு பத்து நாளு ஆக்கிப் போட்டுட்டு வரேன்."

"அங்க எப்பவோ வந்துடிச்சிம்மா" என்றேன்.